சம்மனசுபுரத்துப் பெருங்கதவு

கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு மனிதகுலம் கடவுளுக்கு எழுப்பிய மாளிகைகளில் மூன்று மட்டுமே காலத்தை வென்று நிற்கும் தகுதி படைத்தவை. ஒன்று ரோமாபுரியில் இருக்கிறது. இன்னொன்று பாரிஸ் பட்டணத்தில். மூன்றாவது தென்காசி மாவட்டத்தில், இலத்தூருக்குக் கிழக்கே, சம்மனசுபுரத்தில்.

இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர் தொம்மைராஜ். ரோமாபுரியும் பாரிசும் இதுவரை மறுப்பு தெரிவிக்கவில்லை. தொம்மைராஜ் அந்த இரண்டு ஊருக்கும் போனதில்லை. வேளாங்கண்ணிக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். அதில் ஒரு தடவை பந்தோபஸ்துக்கு.

ஊர் அவரை இன்னும் ஏட்டையா என்றுதான் கூப்பிடுகிறது. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உதவி ஆய்வாளர் ஆனார். அந்தப் பதவி ஊர் வாயில் ஏறுவதற்குள் வழியனுப்பு விழா நடந்துவிட்டது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் கோவில் திருப்பணிக் குழுவுக்குத் தலைவர் ஆனார் என்று சிலர் சொல்வார்கள். அவர் மனைவி வியாகுலமேரி அப்படிச் சொல்வதில்லை. "வீட்டுல இருந்தா என்னைய விசாரிப்பாரு. கோவில்லயே இருக்கட்டும்" என்பாள்.

குழுத் தலைவரான கையோடு அவர் செய்த முதல் காரியம், புனித மிக்கேல் அதிதூதர் ஆலயத்தின் தல வரலாற்றை எழுதியது. முப்பத்தைந்து வருஷம் காவல் நிலையத்தில் எழுதிப் பழகிய கை. ஆகவே வரலாறு இப்படித் தொடங்கியது: 'மேற்படி ஆலயம் குறித்து ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் விசாரித்ததில் தெரியவருவது யாதெனில்.'

விசாரணை பங்குச் சாமியார் வீட்டு முன் அறையில் நடந்தது. முதல் சாட்சி, எண்பதைத் தாண்டிய வியாகப்பன்.

"கோவில் எப்பக் கட்டுனது?"

"எனக்கு எப்படித் தெரியும் ஏட்டையா? நான் பொறக்கும்போதே இருந்துச்சு."

"ஒங்க தாத்தா காலத்துல?"

"இருந்துருக்கும்."

"அவருக்குத் தாத்தா காலத்துல?"

"அவர நான் பாத்ததில்லையே."

"பாக்கலேன்னா இல்லன்னு ஆயிருமா? இருந்துச்சா, இல்லையா?"

வியாகப்பன் வாசலைப் பார்த்தார். வெளியே வெயில் ஏறியிருந்தது. "சோத்துக்கு நேரமாவுது ஏட்டையா. இருந்துச்சுன்னே எழுதிக்கிடுங்க."

இப்படி ஒவ்வொரு சாட்சியும் ஒவ்வொரு தாத்தாவாகப் பின்னால் போய்க்கொடுத்ததில் ஆலயம் கி.பி. 1712-ஐ எட்டிவிட்டது. அந்த வருஷம் இத்தாலி தேசத்துக் குரு ஒருவர் குற்றாலத்துக்குக் குளிக்க வந்ததாகவும், அருவியில் நிற்கும்போது மிக்கேல் சம்மனசு, அதாவது அந்த அதிதூதரே, காட்சி தந்ததாகவும், ஈரத் துணியோடு நடந்தே வந்து இங்கே அஸ்திவாரம் போட்டதாகவும் தொம்மைராஜ் முடிவு கட்டினார். குருவின் பெயரைச் சாட்சிகள் யாரும் சொல்லவில்லை. அவர்களை இன்னும் ஒருநாள் உட்கார வைத்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார்கள்.

பங்குத்தந்தை மரியசூசை தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், இளம் வயது. கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, தொம்மைராஜை ஆலயத்துக்குள் கூட்டிக்கொண்டு போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்.

ஆலயம் உண்மையில் பார்க்க லட்சணமானது. நீளமான ஓட்டுக் கட்டடம். நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த, ஒரு ஆள் படுக்கலாம் போன்ற அகலச் சுவர்கள். சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் குளத்துக்குள் இறங்கியதுபோல் இருக்கும். சிவப்புத் தரை, முழங்கால் போட்டு முழங்கால் போட்டே மினுமினுப்பு ஏறியது. பீடத்துக்கு மேலே வட்டமாக ஒரு ஜன்னல். காலைப் பூசையில் எழுந்தேற்றத்துக்குச் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது வெளிச்சம் அந்த ஜன்னல் வழியாக நேராக அப்பத்தின்மேல் விழும். யாரோ யோசித்து வைத்த ஜன்னல். இதைப் பற்றி வரலாற்றில் ஒரு வரி கிடையாது.

"மேல பாருங்க. கூரையத் தாங்குற இரும்பு என்னது?" என்றார் சாமியார்.

"இரும்புதான்."

"தண்டவாளம். செங்கோட்டைக்கு ரயில் பாதை போட்டப்ப மிச்சப்பட்டது. ஏணி வச்சு ஏறிப் பாத்தேன். 1901-ன்னு வார்ப்புலயே இருக்கு. பாதை வேல செஞ்ச கூலியாட்களுக்குப் போட்ட கொட்டகை இது. வேல முடிஞ்சதும் காண்ட்ராக்டர் ஒரு சாமியாருக்குக் குடுத்துட்டுப் போயிருக்காரு. அதுவும் நல்ல கதைதான, அண்ணாச்சி? வேல செஞ்சவங்க படுத்துக் கெடந்த எடம்."

தொம்மைராஜ் தண்டவாளத்தை, கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "இது ரிப்பேருக்குப் போட்டது ஃபாதர். அதுக்கு முன்னால இத்தாலிக்காரரு போட்ட உத்தரம் இருந்துருக்கும்."

"அது எங்க?"

"அதத்தான் ரிப்பேர் பண்ணிட்டாங்களே."

வரலாறு அப்படியே அச்சுக்குப் போனது.

இவ்வளவு பழமைக்கு வெறும் ஓட்டுக் கட்டடம் போதாது என்று குழு முடிவு செய்தது. பழைய ஆலயத்தை இடிக்காமல் அதற்கு முன்னால் ஒரு முகப்புக் கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, தொம்மைராஜ் தென்காசிப் பொறியாளர் சந்தோஷ்குமாரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அருளப்பபுரம் கோபுரம் எத்தன அடி?"

"நூத்தஞ்சு சார்."

"அப்ப நூத்திப் பன்னண்டு."

"என்ன ஸ்டைல்ல சார்?"

"கோதிக்."

சந்தோஷ்குமார் அதுவரை கட்டியதெல்லாம் கல்யாண மண்டபங்கள். கோதிக் என்றால் என்ன என்பதைக் கைப்பேசியில் பார்த்து, கூரான வளைவுகளை ஒழுங்காகவே கொண்டுவந்துவிட்டார். ஆனால் கைப்பழக்கம் விடவில்லை. வளைவுக்கு இரண்டு பக்கமும் சிமெண்டில் ஆளுயரத் தாமரை பூத்தது. உச்சியில் இருக்க வேண்டிய கூம்புகள் அன்னாசிப் பழமாகக் காய்த்தன. தென்காசிச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்தால் பேராலயம் என்று சிலுவை போட்டுக்கொள்வார்கள். பஸ் வளைவில் திரும்பியதும் பின்பக்கம் தெரியும். நூற்றுப்பன்னிரண்டு அடி முகப்புக்குப் பின்னால் இருபதடி ஓட்டுக்கூரை, சட்டை போடாதவன் ஜரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்பதுபோல் நின்றது.

அருளப்பபுரம் என்று சொன்னேன். அதுதான் விஷயமே. அருளப்பபுரம் பக்கத்து ஊர், பக்கத்துப் பங்கு. அங்கே கோவில் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் இன்னாசிமுத்து. வியாகுலமேரியின் கூடப்பிறந்த அண்ணன். தொம்மைராஜுக்கு மச்சான். அங்கே இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது ஆலயத்தை மந்திரித்துத் திறந்துவைத்தபோது, ஆயர் வாசலைத் திறந்து முதல் ஆளாக நுழைய, அவருக்கு அடுத்தபடியாக இன்னாசிமுத்து நுழைந்தார். அதைப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, கண்ணாடி போட்டுத் தன் வீட்டில் மாட்டினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தங்கச்சிக்கும் ஒன்று கொடுத்துவிட்டார். வியாகுலமேரி அதைத் தன் வீட்டு முன்னறையில் ஆணியடித்து மாட்டினாள். இரண்டு வருஷமாகத் தொம்மைராஜ் தினமும் காலையில் அந்தப் போட்டோவுக்கு நேர் கீழே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சம்மனசுபுரத்துப் பெருங்கதவு வழியாக ஆயர் நுழைய வேண்டும். அவர் பின்னால் இரண்டாவது ஆளாகத் தொம்மைராஜ் நுழைய வேண்டும். அதை இன்னாசிமுத்து பார்க்க வேண்டும். ஆணி ஏற்கெனவே வாங்கி வைத்தாகிவிட்டது.

கதவைச் செய்தவர் செங்கோட்டைக் குற்றாலிங்கம் ஆசாரி. பதினான்கு அடி உயரம், இரட்டைக் கதவு. அதில் மிக்கேல் சம்மனசு வாளோடு நிற்க, காலடியில் சாத்தான் கிடப்பான். சாத்தானுக்கு மூக்குக்கண்ணாடி மட்டும்தான் இல்லை, மற்றபடி அருளப்பபுரத்துக்காரர் மாதிரியே இருக்கிறதே என்று ஊரில் கேட்டார்கள். "தலைவரு குடுத்த போட்டோவப் பாத்துதான் செதுக்குனேன்" என்றார் ஆசாரி.

மே மாதக் கடைசியில், வெயில் உச்சத்தில் இருக்கும்போது கதவை நிலையில் ஏற்றினார்கள். ஆசாரி இரண்டு கதவும் சேரும் இடத்தில் ஒரு போஸ்ட் கார்டை வைத்துத் தள்ளிக் காட்டினார். கார்டு மடங்கியது, நுழையவில்லை.

"பாத்தேளா? எறும்பு போவணும்னாலும் என்ட்ட கேட்டுட்டுத்தான் போவணும்" என்றார்.

"மனுசனும் போவப்படாது" என்றார் தொம்மைராஜ். "ஆயரு வந்து திறக்கிறவரைக்கும் ஒரு குஞ்சு குளுவான் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது."

மற்ற ஊர்களில் இதை வாயால் சொல்லி விட்டுவிடுவார்கள். தொம்மைராஜ் கதவைப் பூட்டி, பூட்டின்மேல் வெள்ளைத்துணி சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தினார். காவல் நிலையத்தில் திருட்டுச் சாமானுக்கு வைப்பதுபோல. சாவி அவர் இடுப்பில். ஊர் பக்கவாசல் வழியாகப் போய்வந்தது. பக்கவாசல், ஊருக்கு அசன விருந்து சமைக்கும் கொட்டகைக்குள் புகுந்து, அண்டாக்களுக்கு நடுவே போக வேண்டிய வழி.

ஆயர் வருகிற நாளைத் தொம்மைராஜ் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வைத்தார். "செப்டம்பர்ல நம்ம திருவிழாவோட வச்சுக்கிடலாமே, மழையும் விட்டுரும்" என்று சாமியார் சொல்லிப் பார்த்தார்.

"ஆகஸ்ட் பதினஞ்சு அருளப்பபுரத்துல தேர் ஃபாதர். அதுக்கு முந்தி நம்ம கதவு தொறந்துட்டா, அவுங்க தேர எவன் பாப்பான்?"

ஜூன் பிறந்தது. மேற்கே மலை கறுத்தது. சாரல் ஆரம்பித்தது. அந்த வருஷம் ஐந்தருவியில் ஆளை நிற்கவிடாமல் தண்ணீர் அடித்தது என்று பேப்பரில் போட்டார்கள். குற்றாலத்துக்கு வந்தவர்களுக்குச் சந்தோஷம். சம்மனசுபுரத்தில் துவைத்த துணி காயவில்லை, அப்பளம் பொரியவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டது. முகப்பு மேற்குப் பார்த்தது. மலையிலிருந்து புறப்பட்ட சாரல், வழியில் எங்கும் தங்காமல் நேராக வந்து கதவில் அடித்தது.

ஜூலையில் ஊரில் சுகந்தி என்பவளின் மகளுக்குக் கல்யாணம். பொண்ணை அண்டாவுக்கு நடுவே கூட்டிப்போக அவளுக்கு மனசில்லை. தொம்மைராஜ் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, புள்ள பட்டுச்சேல கட்டி வருவா. ஒரு அரைமணி நேரம் அந்தக் கதவத் தொறந்து வச்சா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போவும்?"

"சீல் வச்சாச்சு சுகந்தி."

"சீல் வைக்க அங்கன என்ன கொலையா நடந்துச்சு?"

"வரலாறும்மா. முன்னூறு வருசத்து வரலாறு. முதல்ல ஆயருதான்."

"ஆயரு கல்யாணமா கட்டப் போறாரு? அவரு எந்த வாசல்ல வந்தாலும் ஆயருதான். எம்மவளுக்கு இது ஒரு நாளு." சுகந்தி எழுந்தாள். போகிற போக்கில் சுவரைப் பார்த்தாள். "இன்னாசி அண்ணாச்சி படம் நல்லா விழுந்துருக்கு."

பொண்ணு அண்டாவுக்கு நடுவேதான் போனாள். முந்தானையில் கரி ஒட்டியதைப் போட்டோக்காரர் கணினியில் அழித்துக் கொடுத்தார்.

இதற்கிடையே தொம்மைராஜ், ஆலயத்துக்குள்ளே, பெருங்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கருங்கல் பலகை ஒன்றைப் பதித்துத் திரை போட்டு வைத்தார். அதில் நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகவே வெட்டியிருந்தார்: 'இப்பெருங்கதவு வழியாக மேதகு ஆயர் அவர்கள் முதன்முதலாக எழுந்தருள, திருப்பணிக் குழுத் தலைவர் திரு. தொம்மைராஜ், காவல் உதவி ஆய்வாளர் (ஓய்வு), பின்தொடர்ந்து நுழைந்தார்.' கல்லில் வெட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று சாமியார் கேட்டதற்கு, "ஆயர் டைரியிலயே தேதி போட்டாச்சு ஃபாதர். இனி என்ன நடந்துரப் போவுது?" என்றார்.

அந்த நாளும் வந்தது. சாரல் விடியற்காலையிலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கக் குடை. பேண்டு வாத்தியக்காரர்கள் டிரம்மின்மேல் பாலித்தீன் பை கட்டியிருந்ததால் அது மூக்கடைத்ததுபோல் ஒலித்தது. அருளப்பபுரத்திலிருந்து இன்னாசிமுத்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, முதல் வரிசையில், கதவிலிருந்த சாத்தானுக்கு நேர் எதிரே நின்றார். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தவர்கள் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

ஆயர் வந்தார். தொம்மைராஜ் எல்லோர் முன்னிலையிலும் அரக்கு முத்திரையை உடைத்தார். நெஞ்சை நிமிர்த்தி ஒரு சல்யூட் அடித்தார். வெல்வெட் தலையணையில் சாவியை வைத்து நீட்டினார். ஆயர் சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு, எண்ணெய் விட்ட பூட்டு, கிளுக்கென்று திறந்தது. ஆயர் செங்கோலால் கதவை மூன்று முறை தட்டினார். பாடகர் குழு வாசல் பாட்டை ஆரம்பித்தது. ஆயர் கதவில் கையை வைத்துத் தள்ளினார்.

கதவு நகரவில்லை.

ஆயர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை தள்ளினார். சாமியார் கூடச் சேர்ந்து தள்ளினார். தொம்மைராஜ் சேர்ந்தார். பாட்டு முடிந்துவிட்டது. பாடகர் குழுத் தலைவி, கதவைப் பார்த்துவிட்டு, மறுபடி முதல் சரணத்திலிருந்து எடுத்தாள்.

"ஆசாரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார் தொம்மைராஜ். "என்னவே இது?"

கூட்டத்தில் நின்ற குற்றாலிங்கம் முன்னால் வந்து கதவைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. "சாரல் குடிச்சு மரம் பெருத்துருக்கு. எப்படிக் கவ்வி நிக்கு பாத்தேளா? அடுத்தவன் செஞ்ச கதவா இருந்தா இந்நேரம் எடவெளி விட்டுருக்கும்."

"தொறக்க முடியுமா, முடியாதா?"

"வெயிலு வரட்டும். தன்னால தொறக்கும்."

"வெயிலு எப்ப வரும்?"

ஆசாரி மலையைப் பார்த்தார். மலை தெரியவில்லை.

பட்டாளத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நாலு பேர் தோள் கொடுத்து முட்டினார்கள். முகப்பின் உச்சியிலிருந்து அன்னாசிப் பழத்தின் காரை கொஞ்சம் உதிர்ந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. "பாத்து தம்பி, கோபுரம் வந்துரப் போவுது" என்றார் இன்னாசிமுத்து. "மாப்ள, எங்க ஊருல தகரக் கதவுதான் போட்டோம். வெவரம் பத்தாது, என்ன செய்ய."

மூன்றாவது தடவை பாட்டு முடியும்போது ஆயரின் அங்கி தோள்வரை நனைந்துவிட்டது. "ஃபாதர், வேற வழி இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு ஆண்டவரே. பக்கவாசல்."

"ஒரு நிமிசம் ஆண்டவரே, ஒரே நிமிசம்." தொம்மைராஜ் குறுக்கே கையை நீட்டினார், வாகனத்தை நிறுத்துவதுபோல. "கதவு உள் பக்கமாத் தொறக்குறது. வெளிய இருந்து தள்ளுறத விட உள்ள இருந்து இழுத்தா வந்துரும். நீங்க இங்கனயே நில்லுங்க."

அவர் ஓடினார். அண்டாக்களுக்கு நடுவே புகுந்து, கொதிக்கிற சாம்பாரைத் தாண்டி, யாருமில்லாத ஆலயத்துக்குள் ஓடி, பெருங்கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றினார். இழுத்தார். ஒரு காலைத் தூக்கி எதிர்க்கதவில் உதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். வெளியிலிருந்து வந்த சத்தம் குறைந்துகொண்டே போனது அவருக்கு நல்லதாகப் பட்டது, கவனமாக இழுக்க முடிந்தது. "வருது, வருது. தள்ளுங்கலே" என்று கத்தினார். கைப்பிடி கையோடு வந்தது. மல்லாந்து விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தபோது, ஆயர் நின்றுகொண்டிருந்தார். ஆயருக்குப் பக்கத்தில் சாமியார். பின்னால் ஊர். எல்லோரும் பக்கவாசல் வழியாக வந்து, கொஞ்ச நேரமாகவே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆயரின் செங்கோலில் கறிவேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தது. இன்னாசிமுத்து கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"எழுந்திரிங்க ஐயா" என்றார் ஆயர். "பூசைய ஆரம்பிப்போம்."

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒலிபெருக்கியில் நிகழ்ச்சி நிரல் வாசிக்கிறவருக்கு நடந்தது தெரியாது. "அடுத்ததாக, வரலாற்றுக் கல்வெட்டுத் திறப்பு" என்று அறிவித்துவிட்டார். திரை விலகியது. ஆயர் நிதானமாக முழுவதையும் படித்தார். "பரவாயில்லை" என்றார். "பேரு போடல. 'ஆயர்'னுதான் இருக்கு. எனக்குப் பெறகு வாறவரு நுழையட்டும்."

புதுப் போட்டோ மூன்றாம் நாளே வியாகுலமேரிக்கு வந்துசேர்ந்தது, கண்ணாடியோடு. தொம்மைராஜ் மல்லாந்திருக்க, ஆயர் குனிந்து பார்க்கும் படம். அவள் அதை மாட்டவில்லை, பீரோவுக்குப் பின்னால் சொருகினாள். "பழசையும் எடுத்துரட்டா?" என்று மட்டும் கேட்டாள். தொம்மைராஜ் காப்பியைக் குடித்தார்.

அவர் முடங்கிவிட்டார் என்று நினைத்தவர்களுக்கு முப்பத்தைந்து வருஷ அனுபவத்தைப் பற்றித் தெரியாது. வழக்கு எப்படிப் போனாலும் அதை எழுதுகிற விதத்தில் எழுதினால் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"மூணு தடவ பாட்டுப் பாடியும் கதவு தொறக்கல. பட்டாளத்துக்காரன் நாலு பேரு முட்டியும் தொறக்கல. இதுக்கு என்ன அர்த்தம்? கதவுல வாளோட நிக்கிறது யாரு? மிக்கேல் சம்மனசு. அவரு உத்தரவு குடுக்கல. லோகத்துல ஆயருக்கே தொறக்காத கதவு எங்க இருக்கு? ரோமாபுரியில இருக்கா? பாரிஸ்ல இருக்கா? இங்கன மட்டுந்தான் இருக்கு."

சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மரம் ஊறிருச்சு அண்ணாச்சி. அவ்வளவுதான்."

"ஊற வச்சது யாரு ஃபாதர்?"

ஒரு சனிக்கிழமை சுரண்டையிலிருந்து பேச்சித்தாய் என்ற அம்மா வந்தாள். மகன் போலீசுக்குத் தேர்வாகி, ஆர்டர் வராமல் எட்டு மாதமாக நின்றது. தன் வீட்டுப் பெட்டியிலிருந்த சின்னப் பூட்டை எடுத்துவந்து கதவின் வெளி வளையத்தில் மாட்டிப் பூட்டி, சாவியைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, "எம்மவனுக்கு அடைச்ச வழியத் தொறந்து விடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். புதன்கிழமை ஆர்டர் வந்தது. அது முந்தின வாரமே சென்னையில் கையெழுத்தாகிவிட்டது என்பதை யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தெரிந்த ஒரே ஆள் தொம்மைராஜ், அவர் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கதவில் பூட்டுத் தொங்க இடமில்லாமல் போனது. கல்யாணம் தட்டிப்போகிறவர்கள், விசா வராதவர்கள், பட்டா மாறாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பார்க்க வருகிற வேன்கள் இங்கேயும் நின்று போயின. தென்காசி முகம்மது சலீம், சிமெண்டுத் தாமரைக்குக் கீழே பூட்டுக்கடை போட்டார். "பாய், இதுக்கு ரெண்டு சாவி இருக்கே, ரெண்டையும் பெட்டியில போடணுமா?" என்று கேட்பவர்களுக்கு, "ஒண்ணப் போடுங்க. கேட்டது கெடச்சா வந்து தொறக்க ஒண்ணு வேணும்லா?" என்று அவரே முறைமை வகுத்துக் கொடுத்தார். அதுவும் தல வரலாற்றின் இரண்டாம் பதிப்பில் 'தொன்றுதொட்டு வரும் வழக்கம்' என்று ஏறியது.

இதற்குள் அருளப்பபுரத்தில் தேர் ஓடி முடிந்திருந்தது. கூட்டம் சுமார்தான். இன்னாசிமுத்துவே ஒருநாள் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பேரனின் மேல்படிப்புக்காக ஒரு பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். வியாகுலமேரி பார்த்தாள். வீட்டுக்கு வந்து முன்னறைப் படத்தைத் தானாகவே கழற்றினாள். தொம்மைராஜ் அன்று இரண்டு காப்பி குடித்தார்.

மறைமாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. சம்மனசுபுரத்தைத் திருத்தலமாக உயர்த்துவது பற்றிப் பார்வையிட, கோடையில் ஒரு குழு வரும். அது வரும்போது 'திறவாத கதவு' பக்தி முயற்சி எப்படி நடக்கிறது என்பதையும் நேரில் பார்க்கும்.

பங்குனி வந்தது. மலை முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. அருவிகளில் பாறைதான் இருந்தது. ஒரு மத்தியானம், சலீம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்த நேரம், தொம்மைராஜ் முகப்புக்கு வந்தார். மேற்கிலிருந்து ஒரு காற்று அடித்தது. கதவில் தொங்கிய பூட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. அதுவரை அவை அப்படி ஆடியதில்லை.

அவர் கிட்டே போய் ஒரு விரலை வைத்தார். ஆசாரி பொய் சொல்லவில்லை. நல்ல கதவு. சத்தமே இல்லாமல் திறந்தது.

உள்ளே சிவப்புத் தரை நீளமாகக் கிடந்தது. அந்தக் கோடியில் பீடம். வட்ட ஜன்னலில் வெளிச்சம். ஒரு ஆள் கிடையாது. ஆயர் இல்லை, மச்சான் இல்லை, இரண்டாவதாகக்கூட இல்லை, முதல் ஆளாகவே நுழையலாம். தொம்மைராஜ் செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கினார். காலைத் தூக்கியபடியே, உள்சுவரில் இருந்த தன் பெயரைப் படித்தார். பிறகு வாசலில் தொங்கிய பூட்டுகளைப் பார்த்தார். பார்வையிட வருகிற குழுவை நினைத்தார்.

காலைக் கீழே வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். வளையத்தைப் பிடித்துக் கதவை இழுத்துச் சாத்தினார். சுற்றிலும் பார்த்துக்கொண்டு பக்கவாசல் கொட்டகைக்குப் போனார்.

இப்போது தினமும் மத்தியானம், ஊர் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில், ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர் தொம்மைராஜ் அந்தக் கதவுக்கு வாளியில் தண்ணீர் ஊற்றுகிறார்.